மூச்சுக்காற்றே வாடகை!

‘பேச்சிலரா? வீடு இல்லையே’ என்று கையை விரிக்கிற ஹவுஸ் ஓனர்களைத்தானே நமக்குத் தெரியும்? கூட்டம் கூட்டமாகக் குடிவைத்துக்கொண்டு அட்வான்ஸே கேட்காத ஓனர் ஒருவர் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருக்கிறார். பெயர்: டிஸ்கிடியா மேஜர். ஆள் இல்லை சார், செடி!

அந்நியம் என்று நினைக்காதீர்கள். முகையூர்ப் பக்கம் சாலையோரம் நிற்கிற எருக்குக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். ஒடித்தால் அதே மாதிரி பால். பஞ்சோடு பறக்கிற விதை. ஆனால் எருக்குக்குக் காலூன்ற மண் இருக்கிறது. இதுவோ மரத்தின் மேல் தொற்றி வாழ்கிறது. மரத்தின் சாற்றையும் தொடாது. அப்போ சாப்பாட்டுக்கு?

அங்கேதான் சாமர்த்தியம். சில இலைகளைப் பை மாதிரி உப்பவைத்து, வாசலும் விட்டிருக்கிறது. எறும்புகள் உள்ளே புகுந்து குஞ்சு குட்டிகளோடு குடித்தனம் நடத்துகின்றன. அவை போடுகிற குப்பை, செத்த பூச்சி எல்லாம் பைக்குள் சேருகிறது. செடி அதற்குள்ளேயே வேர் விட்டு உறிஞ்சிக்கொள்கிறது!

போர்னியோ தீவின் சாரவாக்கில் ஆராய்ந்தவர்கள் 1995-ல் கணக்கை வெளியிட்டார்கள். செடியின் நைட்ரஜனில் 29 சதவிகிதம் அந்தக் குப்பையின் உபயம். எறும்பு குடியிருக்கும் இலைகளின் கார்பனில் 39 சதவிகிதம் எறும்புகள் விட்ட மூச்சு! பைக்குள்ளேயே இலைத்துளைகள் இருப்பதால், காற்றுக்காக வெளியே வாய் திறந்து ஈரத்தை அதிகம் இழக்க வேண்டியதில்லை. மண்ணில் வேர் இல்லாத செடிக்கு அதுதானே உயிர்?

மூச்சு விட்டாலே வாடகை, குப்பை போட்டால் ஓனருக்குச் சந்தோஷம்... நமக்கு எங்கே கிடைக்கும் இப்படி ஒரு போர்ஷன்!