வளவில் விருந்தாளிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பழம்பொருள் கடை வாசல்களில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைக்கு நிற்கும். பெரும்பாலும் எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து வந்தவை. அதனால்தான் சொல்கிறேன்: அந்த வீடுகள் விடுதிகளாகட்டும்.

அவை பிரிக்கப்படுவதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1930களின் கடைசியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் எங்கள் நகரத்தார் சமூகத்தின் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. பிறகு சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வருமானம் போனது, வீடு மட்டும் மிஞ்சியது. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு, அவன் பிள்ளைகளுக்கு அதிலொரு பங்கு. ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். ஒழுகும் ஓட்டை மாற்ற யார் பணம் போடுவது? குத்தகைக்கு விடலாமென்றாலும் அத்தனை பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதையும் தாண்டி கோத்தமங்கலம் சாரதா விலாஸ், கடியாபட்டி சிதம்பர விலாஸ் எல்லாம் விடுதிகளாகியிருக்கின்றன. அப்படி விடுதியான கானாடுகாத்தான் விசாலம் ஒரு தகப்பனார் தம் மகளுக்காகக் கட்டியது. வீடென்றால் ஆண்பிள்ளைக்கு என்றிருந்த ஊரில் அது சாதாரணக் காரியமில்லை.

மாற்றும் வேலையில் பெரிய தலைவலி குளியலறைதான். எங்கள் அறைகள் சீர்சாமான் வைத்துப் பூட்டுவதற்கு. ஆட்கள் படுத்தது பட்டாலைக் கூடத்திலும் வளவிலும். இப்போது அறைக்கு அறை குழாய் போக வேண்டும். துளைத்த இடத்தைச் சிமென்ட்டால் பூசினால் வந்தது வினை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிட, பக்கத்துப் பூச்சு பொரிந்து உதிரும். அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்க்கத் தெரிந்த கொத்தனார்தான் வேண்டும். அவருக்கு வேலை கொடுக்க இன்று விடுதிகளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? கண்ணாடித் தகட்டில் வார்த்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச்செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் விடுதிகளால் வேலை கிடைக்கிறது.

"படைப்பு வீட்டுல யார் யாரோ படுத்து எந்திரிக்கிறதா?" என்று என் ஆத்தா கேட்டார். முன்னோருக்குப் படைக்கும் வீடு அது; நியாயமான கேள்வி. குத்தகைக்கு விடும் பங்காளிகளிடம் நான் வற்புறுத்துவது இது: சாமி வீடு என்னும் பூஜை அறையின் சாவி உங்களிடமே இருக்கட்டும், படைப்பு நாளில் வளவு முழுக்கக் குடும்பத்துக்கு என்று பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.