மோட்டார் நின்றுவிட்டால் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?

வீட்டு மீன் தொட்டியில் ஏதாவது ஒன்று ஓடாமல் நின்றால், உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, அந்தப் பொருள் இல்லாமல் மீன்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான். விளக்கு எரியாவிட்டால் மீனுக்கு ஒரு குறையும் இல்லை. தொட்டிச் செடிகள்கூடச் சில நாள் பொறுத்துக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களை விட்டால், நம் ஊர்த் தொட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு ஹீட்டர் தேவையே இல்லை. கடைக்காரர் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார் என்று மாட்டி வைத்திருப்போம். அவசரமெல்லாம் காற்றுக்கும் ஃபில்டருக்கும்தான்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங் தப்பாகச் செய்த வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். கருவிக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தால், பிளக்கைப் பிடுங்கும்வரை தண்ணீருக்குள் விரலைக்கூட விடக் கூடாது. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால், மீன் தொட்டியைச் சாக்காக வைத்தாவது ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

இனி காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் மதிய நேரத்தில் கரண்ட் போனால் கோல்டு ஃபிஷ்கள்தான் முதலில் திணறும்; மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். ஃபைட்டரும் கௌராமியும் மேற்பரப்பிலிருந்து நேராகக் காற்றைக் குடிக்கக்கூடியவை என்பதால் சமாளித்துவிடும். ஏர் பம்ப் விடும் குமிழிகளிலிருந்து நேராகக் கரையும் ஆக்ஸிஜன் கொஞ்சம்தான். குமிழிகள் தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். அந்த வேலையை நாமும் செய்யலாம். மூடியைத் திறந்து வைத்து, மக்கில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுங்கள். அவ்வப்போது சில நிமிடம் இப்படி ஊற்றினாலே போதும். பம்ப் மட்டும் கெட்டு, கரண்ட் இருந்தால் மேற்பரப்பைப் பார்த்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கலாம், தண்ணீரும் குளிரும். அன்றைக்கு இரை போட வேண்டாம். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. போட்ட இரை அழுகினால்தான் வினை. அடிக்கடி கரண்ட் போகும் இடமென்றால் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். சின்ன பம்ப் இழுப்பது சில வாட்தான்.

இனி பம்பைப் பார்க்கலாம். முதலில் டியூபிலிருந்து ஏர் ஸ்டோனைக் கழற்றி, வெறும் டியூபைத் தண்ணீரில் விடுங்கள். காற்று பலமாக வந்தால் குற்றவாளி கல்தான். போர்வெல் தண்ணீரின் உப்பு ஏறி அடைத்த கல்லைப் புதிதாக மாற்றிவிடுவதே மேல். அடைத்த கல்லோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் கிழியும். சத்தம் வருகிறது, காற்று மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் அந்த ரப்பர்தான். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் ஒரு காயிலும், நுனியில் காந்தம் பதித்த ஒரு கையும், அந்தக் கை அழுத்தும் கிண்ணம் போன்ற ரப்பரும் தெரியும். மின்சாரம் பாயும்போது அந்தக் கை விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. ரப்பரை லேசாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் முடி அளவு கீறல் தெரியும். சென்னை கொளத்தூர் போல வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில் மாற்று ரப்பர் கேட்டுப் பாருங்கள். பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோனால் அளவு தப்பாது. சத்தமே இல்லையென்றால் காயிலோ வயரோ போயிருக்கும். சின்ன பம்புக்கு அந்தச் செலவு வீண்.

பம்புக்குள் தண்ணீர் இருந்தால் காரணம் வேறு. தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே பம்பை வைத்திருக்கிறீர்கள். கரண்ட் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கிவிடுகிறது. பம்பை உயரத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் டியூபில் ஒருவழி வால்வு போட வேண்டும். இடையில் இன்னொன்று: அந்த பம்ப் உங்கள் அறையின் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது. பக்கத்திலேயே கொசு லிக்விடை மாட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கு விஷம்.

ஃபில்டர் மோட்டார் உறுமுகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால், உள்ளே இருக்கும் காந்தச் சக்கரத்தை வெளியே எடுங்கள். பாசி, முடி, சில சமயம் ஒரு குட்டி நத்தை சிக்கியிருக்கும். சுத்தம் செய்து, நடுவிலுள்ள செராமிக் கம்பி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரை வெளியில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். அதைக் குளிர வைப்பதே தண்ணீர்தான்.

மோட்டாரைவிட ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சுக்குத்தான் மதிப்பு அதிகம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. புதிதாக அவை ஊறி வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஆகவே மோட்டார் போனாலும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். காயவும் விடாதீர்கள். ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் தொட்டிக்குள்ளேயே போட்டு வைத்து, புது ஃபில்டர் வந்ததும் அதற்குள் திணித்துவிடுங்கள். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே தேங்கிய நாற்றத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

ஹீட்டர் சூடாகாமல் போவதைவிட, அணையாமல் போவதுதான் ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்தேவிடும். ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி வைத்து அடிக்கடி ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கடைசியாகக் கசிவு. அடிக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப்போடும் ஆசையே வேண்டாம். 2 அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டியில் நிரம்பும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 57 கிலோ இருக்கும். மூலையில் ஒட்டு விட்டிருந்தால் மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்து, பழைய சிலிக்கானை பிளேடால் சுரண்டி எடுங்கள். பழையதன் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் கூடாது. பூசியபின் வினிகர் வாடை அடங்கும்வரை, குறைந்தது 2 நாள் காயட்டும். பிறகு தொட்டியை நியூஸ் பேப்பர் மேல் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் கழித்துப் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்தே இருந்தால் மீனை விடலாம்.