பச்சைச் சுவரும் பூண்டு வாசனையும்

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீட்டுச் சுவர்களில் பச்சை நிறத் தாள் ஒட்டுவது பெரும் மோகமாக இருந்தது. அந்தப் பச்சை, ஆர்சனிக் கலந்த சாயம். ஈரம் ஏறிய அறைகளில் குடியிருந்தவர்கள் நோயுற்றார்கள். சிலர் இறந்தும் போனார்கள். காரணம் தேடிய இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ, 1890-களில் ஒன்றைக் கண்டறிந்தார். ஈரத்தில் வளரும் பூஞ்சை, சாயத்திலுள்ள ஆர்சனிக்கைப் பூண்டு வாசனை வீசும் வாயுவாக மாற்றி வெளியே விடுகிறது! டிரைமெத்தில் ஆர்சின் என்று அதை 1930-களில் வேதியியலாளர் பிரெடரிக் சாலஞ்சர் இனங்கண்டார். அந்த வாயுதான் உயிர்களைப் பறித்ததா என்பதில் பின்வந்த ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு, சாயத்தூளும் நஞ்சுதானே. இன்றைய பெயிண்டில் அந்தச் சாயம் கிடையாது. பூஞ்சை மட்டும் மாறவில்லை: நீர்க்கசிவை அடைக்காமல் மேலே பெயிண்ட் பூசினால், மறுபடியும் கிளம்பும்.