அடிமாட்டு விலை

பழைய மிதிவண்டியை விற்றாலும், தேய்ந்துபோன தையற்பொறியைத் தள்ளிவிட்டாலும், "அடிமாட்டு விலைக்குப் போயிற்று" என்கிறோம், பட்டணத்திலே இருக்கும் நாம். அந்தச் சொல்லின் முழு வலியும் தெரிந்தவன், வறட்சியிலே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனவன்!

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்திலே கொரங்காடு உண்டு, தோழர்களே. பெயர்தான் காடு; உண்மையில் அது கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். தரையிலே கொழுக்கட்டைப் புல், தலைக்கு மேலே வெள்வேல மரம். வானம் பார்த்த அந்த மண்ணிலே வளருவது காங்கேயம் மாடு. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கண்ட மொழி நம் மொழி! அந்தச் செல்வத்தை வளர்ப்பவன் செல்வனா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. புல் கருகிற்று. சோளத்தட்டு விலை ஏறிற்று. வைக்கோல் விலை அதற்கு மேலே ஏறிற்று. மாட்டு விலையோ இறங்கிற்று! தீனி இல்லாதவன் ஒருவனா, இருவரா? ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தால், வாங்குகிறவன் ஏன் விலை தருவான்? துண்டுக்குள்ளே கையை நுழைத்துத் தரகர் விரலைப் பிடிக்கிறார். நேற்று பிடித்ததைவிட இன்று ஒரு விரல் குறைகிறது.

"முன்கூட்டியே விற்றிருக்கலாமே" என்பார்கள், மின்விசிறிக்கு அடியிலே அமர்ந்து மேதைகள். சொல்வது எளிது! ஐப்பசியில் விற்றால் கார்த்திகையில் மழை வந்துவிடுமோ என்ற அச்சம். மார்கழி வரை காத்தாலோ எலும்பு தெரிகிறது. எலும்பு தெரிந்த மாட்டுக்கு ஏது விலை? காத்திருக்கத் துணிவு மட்டும் போதாது, வைக்கோற்போரும் வேண்டும். கிணறும் போரும் உள்ளவன் காத்திருக்கிறான். இல்லாதவன் விற்கிறான், அதையும் உள்ளவனே மலிவாக வாங்குகிறான்.

விற்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் காளைக்கன்று போகும். அடுத்து வறட்டு மாடு, வயதான மாடு. கிடேரியையும் சினை மாட்டையும் கடைசிவரை கைவிடமாட்டான். கடன்காரன் வாசலுக்கு வந்த பிறகு அவையும் போகும். வேலை போன தொழிலாளி முதலில் குடத்தை அடகு வைப்பான், பிறகு கடிகாரத்தை. கடைசியாகத்தான் தன் தொழிற்கருவியை. கருவியை விற்ற பிறகு வேலை கிடைத்தும் என்ன பயன்? இங்கும் அதே கதை. மழை பெய்தால் புல் சில வாரத்தில் தழைக்கும். சினை சுமக்கவே ஒன்பது மாதத்துக்கு மேல். பிறந்த கிடேரி தாயாக மூன்றாண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் எல்லாரும் மாடு தேட, விலை எகிறிவிடும். விற்ற விலைக்கு ஒரு கன்றுகூடக் கிடைக்காது.

2017 சனவரி 10-ஆம் நாள் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. மலிவு விலை வைக்கோல் கிடங்குகளும் பிறகு திறக்கப்பட்டன, நன்று. ஆனால் பலர் கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகல்லவா வைக்கோல் வந்தது! அதே சனவரியில்தான் மெரினா மணலில் நாட்டு மாட்டைக் காப்போம் என்று இளைஞர் கூட்டம் முழங்கியது. முழக்கத்தைக் குறை சொல்லவில்லை நாம். மாட்டுக்குத் தேவைப்பட்டது தட்டு.

இத்துடன் விட்டதா தில்லி? 2017 மே 23-இல் ஒரு விதி வந்தது: சந்தையிலே மாட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது! வறட்டு மாட்டை விற்று, அந்தப் பணத்திலே சினை மாட்டுக்குத் தீனி வாங்கலாம் என்றிருந்தவன் நிலை என்ன? கிழமாட்டையும் கட்டித் தீனி போடு என்றவர்கள், தீனி யார் தருவது என்று சொல்லவில்லை. மே 30-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிக்குத் தடை போட்டது. சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டியது.

நாம் கேட்பது பெரிதல்ல. பருவமழை முடிந்து கணக்குப் பார்த்து, தையிலே கிடங்கு திறக்க வேண்டாம். மழை ஏமாற்றும் என்பது தெரிகிற ஐப்பசிக் கடைசியிலேயே திறக்கட்டும். வருகிறவனிடம் பட்டா கேட்காதீர்கள். குத்தகைக் காட்டில் மேய்ப்பவனுக்குப் பட்டா ஏது? மாட்டைப் பார்த்து வைக்கோல் கொடுங்கள்.