மலையேறும் மோட்டாருக்கு மூச்சு முட்டுவது ஏன்?

தாப்பாவில் சீறிக் கிளம்பிய பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்க்ரம்ப்ளர், கேமரன் மலைச் சடக்கில் ஏற ஏறத் தடுமாறத் தொடங்கும். தானா ராத்தாவை எட்டும்போது புகை கூடியிருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் இழுவை இருக்காது. பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து ஈரமாக இருக்கும். பலர் பெட்ரோலைக் குறை சொல்வார்கள். பெட்ரோல் அதேதான். மாறியது காற்று.

பேராக் மாநிலத்தில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. மலேசியாவில் 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்இசட்டின் உற்பத்தி 2011-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அதுவும் பழைய ஸ்க்ரம்ப்ளர்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களின் செம்மண் சடக்குகளில், எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக்கின் பாய்ச்சலுக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தப் பாய்ச்சல் முழுவதும் கார்பரேட்டர் கலந்து தரும் கலவையில் இருக்கிறது.

காற்றே பெட்ரோலை இழுக்கிறது

கார்பரேட்டரின் நடுவே குழாய் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அதன் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் துளை வழியாக மேலே தள்ளுகிறது. பெர்னூலி 1738-இல் விளக்கிய விதியும், இத்தாலியரான வெந்தூரி 1797-இல் எழுதிய ஆய்வும் இதற்கு அடிப்படை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வலு வேண்டுமானால் காற்று 13 கிராமை ஒட்டி இருப்பது நல்லது. கார்பரேட்டருக்கோ எடை பார்க்கத் தெரியாது. காற்றின் அடர்த்தி குறையும்போது இஞ்சினுக்குள் போகும் காற்றின் எடையும் அதே அளவுக்குக் குறைகிறது. ஆனால் உறிஞ்சப்படும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறையும். அதனால் காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை.

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 20 பாகை, தாப்பாவில் 32 பாகை வெப்பம் என்று வைத்துக் கணக்கிட்டால், மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவு. வர்க்கமூலக் கணக்குப்படி கலவையில் பெட்ரோல் சுமார் 6 விழுக்காடு மிகையாகிறது. அதைச் சரிசெய்ய ஜெட் துளையின் விட்டத்தை 3 விழுக்காடு குறைத்தால் போதும். விட்டத்தையே எண்ணாகப் பொறிக்கும் ஜெட்டில் 120 இருந்த இடத்தில் 118 அல்லது 115 போடலாம். புகை குறையும், தடுமாற்றம் நீங்கும். காற்றோடு போன வலுவை மட்டும் எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது.

மலையேறாமலே நம் காற்று வேறுதான். 15 பாகை வறண்ட காற்றோடு ஒப்பிட்டால், ஈப்போவின் 32 பாகை, 70 விழுக்காடு ஈரப்பதப் பிற்பகலில் ஒரு லிட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் சுமார் 9 விழுக்காடு குறைவு. வெப்பம் காற்றை விரிக்கிறது; நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இறக்குமதியான பழைய ஸ்க்ரம்ப்ளரின் கையேட்டில் உள்ள ஜெட் எண்ணைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புகைக்கு அஞ்சி ஜெட்டைச் சுருக்காதீர்கள்

டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய், பிறகு சிலிண்டருக்கு ஏறுகிறது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றும் வண்டியில், பேரிங்கும் பிஸ்டனும் அந்தக் கலவையிலிருந்துதான் எண்ணெய் பெறுகின்றன. ஆவியாகும் பெட்ரோல் அவற்றின் சூட்டையும் தணிக்கிறது. புகையைக் குறைக்கிறேன் என்று ஜெட்டை அளவுமீறிச் சுருக்கினால் எண்ணெய் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு ஜாம் ஆகும். எரியாத கலவையில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே தப்பிப்பது இந்த இஞ்சினின் பிறவிக் குணம். அதை ஜெட்டால் ஒழிக்க முடியாது.

கேமரன் மலைக்காகச் சுருக்கிய ஜெட்டோடு தாப்பாவுக்கு இறங்குவது இரட்டை ஆபத்து. கீழே வர வரக் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்துகொண்டே போகும். போதாததற்கு, கியரில் விட்டு முறுக்கை முழுக்க மூடி இறங்கினால் இஞ்சின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ சொட்டளவுதான் போகும். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து முறுக்கிக் கொடுங்கள். சமவெளிக்கு வந்ததும் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும்.

எந்த இடத்தில் எந்தப் பாகம்?

முறுக்கு ஏறத்தாழ மூடியிருக்கும்போது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் கலவையை ஆள்கின்றன. ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். கால் முறுக்கிலிருந்து முக்கால் வரை ஊசியின் ஆட்சி. ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கி மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். செம்பனை வரிசைகளுக்கிடையே ஓட்டும்போது முழு முறுக்குக்கு இடமே கிடைக்காது. அங்கே தடுமாறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. ஊசியையும் பைலட்டையும்தான் பார்க்க வேண்டும்.

இவற்றில் கைவைக்கும் முன் இரண்டு சோதனைகள் கட்டாயம். செம்மண் தூசியால் காற்று வடிகட்டி அடைத்திருந்தால் பெட்ரோல் மிகையானதுபோல் தெரியும். அதைக் கழுவி, எண்ணெய் தடவி மாட்டுங்கள். அடுத்து, முறுக்கை விட்ட பிறகும் இஞ்சின் வேகம் இறங்க மறுத்தால் எங்கோ காற்று கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். கார்பரேட்டரை இஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம்; மேக்னெட் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்திருக்கலாம். இந்தக் கசிவை ஜெட்டைப் பெரிதாக்கி மறைத்தால் நோய் உள்ளேயே வளரும்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். புது பிளக்கைப் போட்டு, ஆளில்லாத நேரான பாதையில் சற்று நேரம் முழு முறுக்கில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து இஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் மிகை. வெளுப்பு என்றால் பற்றாக்குறை; உடனே பெரிய ஜெட்டுக்கு மாறுங்கள். பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். ஐயமிருந்தால் ஒரு படி பெட்ரோல் பக்கமே சாயுங்கள்: கரியைத் துடைத்துவிடலாம், உருகிய பிஸ்டனைத் துடைக்க முடியாது.

பட்டறைகளில் அனுபவசாலிகள் இதையெல்லாம் காதாலும் கையாலும் அறிந்து செய்கிறார்கள். அவர்களிடம் பழகும் இளைஞர்கள் கையோடு காரணத்தையும் கற்க வேண்டும். எந்த ஊர், என்ன வெப்பம், எந்த ஜெட், பிளக் என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்தவர் வண்டியின் ஜெட் எண் அவருடைய இஞ்சினுக்கும் அவர் ஓட்டும் உயரத்துக்கும் உரியது. உங்கள் வண்டிக்கான எண்ணை நீங்கள்தான் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.