நான்கு கட்டிச் சர்க்கரை

டீ ஆறுவதற்குள் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் டீ குடிக்கிற காட்சிதான். ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’ நாடகம் 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேறியது. அதன் இரண்டாம் அங்கத்தில், ஒரு கிராமத்து மாளிகையின் தோட்டத்தில், இரண்டு பெண்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஒருத்தி லண்டன் சீமாட்டியின் மகள் குவெண்டலின். இன்னொருத்தி அந்த வீட்டில் வளரும் 18 வயது செசிலி.

பார்த்த மாத்திரத்தில் பாசம் பொங்குகிறது. கொஞ்சம் பேசியதும்தான் இருவருக்குமே எர்னெஸ்ட் என்ற ஆளோடு கல்யாணம் நிச்சயமாகியிருப்பது தெரிகிறது. ஆளுக்கொரு டைரியை எடுத்துவைத்து, யாரை முதலில் கேட்டான் என்று வாதாடுகிறார்கள். சண்டை வெடிக்கப்போகிற அந்த நொடியில், டீ சாமான்களோடு வேலைக்காரர் மெரிமனை உள்ளே அனுப்புகிறார் வைல்ட்.

அந்த வருகைதான் காட்சியின் உயிர். வேலையாட்கள் எதிரே குரலை உயர்த்துவது அந்த வர்க்கத்துப் பெண்களுக்கு அவமானம். கோபம் குறையவில்லை, ஆனால் வெளியேற வழியில்லை. ஆகவே உபசார வார்த்தைகளுக்குள் ஏறிக்கொண்டுதான் அது வரவேண்டும். தனக்குக் கூட்டமே பிடிக்காது என்கிறாள் குவெண்டலின். அதனால்தான் நகரத்தில் குடியிருக்கிறாளோ என்று இனிமையாக விசாரிக்கிறாள் செசிலி. எழுத்தில் பார்த்தால் அது நலம் விசாரிப்புதான். குவெண்டலின் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

பிறகு சொல்லும் தேவைப்படுவதில்லை. சர்க்கரை வேண்டாம், இப்போது அது நாகரிகமில்லை என்கிறாள் விருந்தாளி. செசிலி இடுக்கியை எடுத்து நான்கு கட்டிகளைக் கோப்பையில் போடுகிறாள். கேக் வேண்டாம், ரொட்டியும் வெண்ணெயும் போதும் என்றவளுக்குப் பெரிய கேக் துண்டு போகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மெரிமன்! எந்த மனிதருக்காக அடக்கி வாசித்தார்களோ அவர் கையாலேயே வசை பரிமாறப்படுகிறது. இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவர் வெளியேறியதும் குவெண்டலின் வெடிக்கிறாள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரிப்பின் உச்சம் அதற்கு முன்பே வந்துபோய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எர்னெஸ்ட் என்று ஒருவன் இல்லவே இல்லை, இரண்டு ஆண்கள் சொன்ன பொய் அது என்பது நமக்குத் தெரியும். இல்லாத மாப்பிள்ளைக்கு நடக்கும் சண்டையில் யாருக்கும் எதுவும் பறிபோகாது. அந்தஸ்திலும் இருவரும் ஏறக்குறைய சமம். அதனால் மனம் உறுத்தாமல் சிரிக்க முடிகிறது.

அந்தக் காப்பு இல்லாத வசை எப்படியிருக்கும் என்பதை நாடகம் அரங்கேறிய அதே மாதத்தில் வைல்ட் அனுபவித்தார். தன் மகனோடு அவருக்கிருந்த உறவால் கொதித்துப்போன குவீன்ஸ்பெரி பிரபு, பிப்ரவரி 18 அன்று வைல்டின் கிளப்பில் ஒரு வசைச் சீட்டை விட்டுப்போனார். வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு அவர்மீதே திரும்பியது. மே மாதம் 2 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். அந்தச் சீட்டுக்குப் பின்னால் சட்டம் நின்றது.

மேடைக்கு வருவோம். செசிலியாக நடிப்பவர் சர்க்கரை போடும்போது நம்மைப் பார்த்து ஒரு குறும்புச் சிரிப்புச் சிரித்தால் போதும், காட்சி படுத்துவிடும். கண்ணில் கோபம் இருக்கட்டும். கை மட்டும், நான்காவது கட்டி வரைக்கும், நல்ல வீட்டுப் பெண் விருந்தாளியைக் கவனிக்கிற பதவிசில் போகவேண்டும்.