கங்காதரின் எடுப்புப் பல்லும் ஜப்பானிய முகமூடியும்

புனேயில் லா காலேஜ் சாலையில், பிரபாத் ஸ்டுடியோ இயங்கிய அதே வளாகத்தில் 1960-ல் தொடங்கியது திரைப்படக் கல்லூரி. அதன் நடிப்புப் பிரிவில் படித்தவர்கள் என்றதும் நசீருதீன் ஷா, ஓம் புரி என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். அந்த வரிசையில் அவ்வளவாகச் சொல்லப்படாத பெயர் ஒன்று உண்டு: முகேஷ் கன்னா. 'மகாபாரதம்' தொடரின் பீஷ்மர். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் சுழன்றபடி பறக்கத் தொடங்கிய 'சக்திமான்'. அதில் மகாகுருவாக வந்த டாம் ஆல்டரும் அதே கல்லூரி மாணவர்தான்.

இருவரும் பயின்றது யதார்த்த நடிப்பு. அப்படிப்பட்டவர்கள், மார்பில் பொன்னிறச் சின்னம் வைத்த சிவப்பு உடுப்பும் ஏழு சக்கரங்களும் 'இருள் நிலைக்கட்டும்' என்று முழங்கும் வில்லன் கில்விஷுமாக ஓடிய ஒரு தொடரில் என்ன செய்தார்கள்? சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்தவர்கள் இன்று அதே காட்சிகளை யூட்யூபில் போட்டு 'என்ன ஓவர் ஆக்டிங்!' என்று சிரிக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொருவர், 'அது குழந்தைகளுக்கு எடுத்ததப்பா, அப்படித்தான் இருக்கும்' என்று வாதாடுகிறார்.

இதே சண்டையை ஜப்பானியர்கள் பல பத்தாண்டுகளாகப் போட்டுவருகிறார்கள். அவர்களுடைய சூப்பர் ஹீரோ தொடர்கள் 1966-ன் 'அல்ட்ராமேன்', 1971-ன் 'கமென் ரைடர்', 1975-ல் 'கோரெஞ்சர்' தொடங்கிவைத்த ஐவர் படை என்று கிளைவிட்டுப் பெருகின. ரப்பர் உடுப்பு, சின்ன வீடுகள் வைத்த செட், வெடி, பொறி என்று எடுக்கப்படும் இந்த வகைக்கு அங்கே 'தொக்குசாட்சு' என்று பெயர்.

நமக்கும் இது புதிதல்ல. கைக்கடிகாரத்தில் பேசி ஒரு சிறுவன் ராட்சத இயந்திர மனிதனை ஏவும் 'ஜயன்ட் ரோபோ', 1967-ல் ஜப்பானில் ஓடியது. எண்பதுகளில் தூர்தர்ஷனிலும் வந்தது. கடைசி அத்தியாயத்தில் அந்த ரோபோ, பையன் எவ்வளவு தடுத்தும் கேளாமல், எதிரியைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய்த் தன்னையும் சேர்த்து அழித்துக்கொள்கிறது. குழந்தைகள் தொடர் என்றால் கனமான விஷயம் கூடாது என்று யார் சொன்னது? இருபது ஆண்டு கழித்து ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய 'பவர் ரேஞ்சர்ஸ்' நம் வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. 2005-ன் 'எஸ்பிடி' பார்த்தவர்களில் பலருக்கு, முகமூடி போட்ட சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி முந்தைய ஆண்டின் 'டெக்காரெஞ்சர்' என்ற ஜப்பானியத் தொடரிலிருந்து எடுத்து ஒட்டியவை என்பது தெரியாது.

புனே இந்தப் பேச்சுக்கு வாகான ஊர். ஜப்பானிய மொழி படிப்பவர்கள் இங்கே அதிகம். சிங்ககட் சாலையில் ஒகயாமா நகரத்தின் நட்பைச் சொல்லும் ஜப்பானியப் பூங்காவே இருக்கிறது.

'நடிப்பு மிகை' என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முகமூடி போட்டவருக்குக் கண் இல்லை, உதடு இல்லை. கோபம், தயக்கம், சலிப்பு எல்லாமே தோளிலும் கழுத்திலும்தான் தெரிய வேண்டும். உடுப்புக்குள் இருப்பவர் ஒருவர், முகம் காட்டுபவர் வேறொருவர், சில நேரம் குரல் மூன்றாமவருடையது. 2007-ல் வந்த 'கமென் ரைடர் டென்-ஓ' இதை வைத்தே விளையாடியது. பயந்த சுபாவமுள்ள ரியோதாரோ என்ற பையன் உடலில் மொமோதாரோஸ் என்ற முரட்டுப் பூதம் புகுந்துகொள்ளும். உடனே தக்கேரு சாத்தோ என்ற நடிகரின் நடை மாறும், பார்வை முறைக்கும், தலையில் ஒரு சிவப்புக் கீற்று முளைக்கும். பூதம் பேசும் குரல் செக்கி தொஷிஹிக்கோவுடையது. உடுப்புக்குள் சண்டை போடும் உடம்போ தக்காயிவா செய்ஜியுடையது. மூன்று பேர் சேர்ந்து ஒரே பாத்திரத்தை நடிக்க வேண்டுமென்றால் அதற்குக் கனத்த கோடுகள் தேவை. மெல்லிய கோடு போட்டால் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவரால் தொட முடியாது.

ஐவர் படை வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தம் பெயர் சொல்லி, பின்னால் வண்ணப் புகை வெடிக்கும் காட்சியைச் சிறுபிள்ளைத்தனம் என்பவர்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஓர் இரவு தெருக்கூத்து பார்க்கலாம். திரை பிடித்திருக்கும், துரியோதனன் அதன் பின்னாலிருந்தே தன் பெருமையை முழங்குவான், கட்டியங்காரன் கேள்வி கேட்பான். வேஷம் தன்னை அறிவித்துக்கொண்டுதான் அரங்குக்கு வரும். அங்கே யாரும் 'ஓவர்' என்று எழுந்து போவதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் மரபு என்று மன்னித்துவிடவும் முடியாது. மோசமான நடிப்பும் இருக்கிறது, நிறையவே. பார்ப்பவர் குழந்தைதானே என்று அலட்சியமாக நடிப்பது ஒரு ரகம். அது உடனே தெரிந்துவிடும். கன்னா அந்தத் தவறைச் செய்யவில்லை. எடுப்புப் பல்லும் தடித்த கண்ணாடியுமாக, சக்திமான் ஊருக்குள் ஒளிந்து வாழும் கங்காதர் வேஷத்தை முழுக்கோமாளியாக ஆடினார். சக்திமானாக நின்றபோது பீஷ்மருக்குக் கொடுத்த அதே நிமிர்வைக் கொடுத்தார். பார்வையாளரைப் பார்த்து 'இதெல்லாம் சும்மா' என்று கண்ணடிக்கவே இல்லை. தந்திரக் காட்சிகள் இன்று பல்லிளிக்கின்றன. அவர் நிற்கும் விதம் இளிக்கவில்லை.

கதை எவ்வளவு இருண்டதாக இருக்கலாம் என்பது அடுத்த தகராறு. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2000-ல் டிவியில் மீண்ட கமென் ரைடர் தொடர் 'கூகா'. ஒதாகிரி ஜோ நடித்த கோடாய் எப்போதும் சிரித்துக் கட்டைவிரல் உயர்த்தும் ஆள்; யாரையும் அடிக்கப் பிடிக்காதவன். உச்சக்கட்டச் சண்டையில் பனிமலை மீது இருவரின் கவசமும் கழன்றுபோக, வெறும் மனிதர்களாக நின்று குத்திக்கொள்கிறார்கள். எதிரி சிரித்துக்கொண்டே அடிக்கிறான். கோடாய் அழுதுகொண்டே அடிக்கிறான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பிள்ளைகள் தட்டுடன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒளிபரப்பானது இது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஒதாகிரிக்காக உட்கார்ந்தார்கள் என்பது ஜப்பானில் பிரசித்தம்.

எல்லாரையும் திருப்திப்படுத்துவது நடக்காத காரியம் என்பதை 2005-ன் கமென் ரைடர் தொடர் 'ஹிபிக்கி' காட்டிக்கொடுத்தது. முப்பதைத் தாண்டிய நாயகன், மேளக் குச்சியால் பேய்களை அடித்து விரட்டுகிறான். அவனைப் பார்த்து வளரும் ஒரு பள்ளிச் சிறுவன். நிதானமான கதை. பெரியவர்கள் உருகினார்கள். பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்று பேச்சு. 30-வது அத்தியாயத்திலிருந்து தயாரிப்பாளரும் எழுத்தாளரும் மாற்றப்பட்டனர்; தொடரின் சாயலே மாறியது. ரசிகர்கள் கொதித்த கொதிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் பெல்ட்டும் வாளும் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைதான் இந்தத் தொடர்களுக்குப் படியளக்கிறது. தன் கட்சியை எடுத்துப் பேச அதற்குத்தான் ஆளில்லை.

சக்திமான் கதையில் அந்தப் பிள்ளைதான் பெரிய கவலையாக இருந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் விபரீதத்தில் இறங்கியதாகத் தொண்ணூறுகளின் இறுதியில் செய்திகள் வந்தன. கன்னா அவற்றை மறுத்தார்; அதே சமயம் தன்னைப் போலச் செய்துபார்க்க வேண்டாம் என்று தொடரிலேயே தோன்றி எச்சரித்தார். கதை முடிந்ததும் வரும் குட்டிப் பகுதியில், தப்புச் செய்த பிள்ளை 'ஸாரி சக்திமான்' என்று சொல்லும். விமர்சகர்களுக்கு அது உபதேசம். வீடுகளில் அதையே சொல்லிப் பிள்ளைகளைப் பல் தேய்க்க வைத்தார்கள்.

2022-ல் சோனி நிறுவனம் சக்திமானை மூன்று பாகத் திரைப்படமாக எடுக்கப்போவதாக அறிவித்தது. ரன்வீர் சிங் நடிப்பார் என்ற பேச்சு கிளம்ப, அவருடைய பிம்பம் இந்தப் பாத்திரத்துக்கு ஒத்துவராது என்று 2024-ல் கன்னா வெளிப்படையாக எதிர்த்தார். அந்த ஆண்டு நவம்பரில் அவரே பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார். இந்த வயதில் இது தேவையா என்று ஒரு கூட்டம் கேலி செய்தது. அடுத்த சக்திமானும் நானே என்று காட்ட வரவில்லை, விடுதலை வீரர்களைப் பற்றி ஒரு வினாடி வினாப் பாட்டோடு குழந்தைகளுக்காக வந்தேன் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வலைத்தளங்களில் கேலி செய்தவர்களும் அவருக்காக வரிந்துகட்டியவர்களும் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்.